தகட்டுக்குள் நின்ற சத்தம்

வஜீஹாவின் வீட்டில் எதையும் உறை பிரித்துப் பயன்படுத்துகிற வழக்கம் கிடையாது. டிவி ரிமோட் வாங்கி வந்த நாளில் போட்டிருந்த கண்ணாடித் தாளுக்குள்ளேயே இன்னும் இருக்கிறது. தாள் மஞ்சளாகிவிட்டது, ரிமோட் மட்டும் கல்யாணப் பெண் மாதிரி மின்னுகிறது. பிரிட்ஜ் கதவின் பிலிம் ஓரங்களில் சுருண்டு அழுக்கேறித் தொங்குகிறது. மகள் சிம்ரா ஒருமுறை அதைக் கிழித்து எறியப் போனபோது அவள் அப்பா கரீமுல்லா அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

"புதுசு புதுசாவே இருந்துட்டுப் போவுது. உனக்கு இன்னா நோவுது?" என்றார் மறுநாள், தானாகவே சமாதானமாகி.

இது அவருடைய தொழிலிலிருந்து வந்த பழக்கம். ராயப்பேட்டையில் வீட்டின் கீழேயே கடை. அலுமினியத்திலும் இரும்பிலும் பூவேலை வெட்டித் தருவார். பால்கனிக் கம்பிக்குப் பதிலாக வைக்கிற தகடு, பூஜை அறைக் கதவு, பள்ளிவாசல் ஜன்னல் எல்லாம் அங்கிருந்துதான் போகும். வெட்டி முடித்து, மெருகேற்றி, முகம் பார்க்கிற பக்கத்தில் வழவழவென்று ஒரு பிலிமை ஒட்டித்தான் வண்டியில் ஏற்றுவார். அந்த பிலிமைக் கடைக்காரன் உரிக்கக் கூடாது, கொத்தனாரும் உரிக்கக் கூடாது. குடிபோகிற அன்றைக்கு அந்த வீட்டம்மாதான் உரிக்க வேண்டும். கரீமுல்லாவின் வாப்பா ஆரம்பித்து வைத்த வழக்கம். மயிலாப்பூர் மாமிகள் முதல் சாந்தோம் வீடுகள் வரை எல்லோருக்கும் இது பிடித்துப்போயிற்று. சில வீடுகளில் போட்டோகிராபர்கூட வந்து நின்றிருக்கிறார்.

வஜீஹா இந்தக் கடைக்கு மருமகளாக வந்தது பி.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருஷத்தில். அப்பா பஸ் கண்டக்டர். படிப்பை முடிக்க விடுவதாகப் பேசித்தான் கொடுத்தார்கள், மாமியார் வீட்டிலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். கல்யாணமான புதிதில் ஒருநாள் டீ எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். சுவரோரம் ஒரே மாதிரியான இரண்டு துளைத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து நின்றன. மேலே இருந்தது கொஞ்சம் கோணலாக இருந்தது. இரண்டு தகட்டிலும் இருந்தவை பட்டாணி அளவுத் துளைகள்தான். ஆனால் சேர்ந்து நின்ற இடத்தில், எந்தத் தகட்டிலும் இல்லாத பெரிய பெரிய பூக்கள் தெரிந்தன. மேல் தகட்டை நுனிவிரலால் தள்ளினாள். பூக்கள் ஓடின. கோணல் குறையக் குறைய அவை பெருத்துக்கொண்டே போயின, தாம்பாளம் அளவுக்கு. முழுக்க நேராக்கியதும் ஒன்றுமில்லை, வெறும் துளை.

டீ ஆறிவிட்டது.

"இன்னா வஜீ, தகட்டைப் பார்த்துச் சிரிச்சிக்கினு நிக்கிற?"

"இந்தப் பூவை யாருங்க வெட்டினது?"

"எந்தப் பூ?" என்று கரீமுல்லா திரும்பிப் பார்த்தார். "அதுவா? தெனம் தெரியும். கண்ணு வலிக்கும், பார்க்காத."

அதோடு அது போயிற்று. சிம்ரா பிறந்தாள், பள்ளிக்கூடம் போனாள். வஜீஹா அஞ்சல் வழியில் எம்.எஸ்ஸி. முடித்து ஒரு பெண்கள் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தாள். அவளுடைய முப்பதுகளின் கடைசியில், கோட்டூர்புரம் நூலகத்தில் மாணவிகளுக்காக எதையோ தேடிக்கொண்டிருந்தபோது ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. ஓர் அணு மட்டுமே கனமுள்ள, கிராஃபீன் என்கிற கரித்தாள்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒரு குறிப்பிட்ட சிறு கோணத்தில் திருப்பினால், அதுவரை தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்த எலெக்ட்ரான்கள் நடை தளர்ந்து அங்கங்கே நின்றுவிடுகின்றன என்று அதில் இருந்தது. பக்கத்தைப் புரட்டினால் படம். பட்டாணித் துளைகள் போன்ற அணுக்கள், நடுவில் தாம்பாளம் தாம்பாளமாகப் பூக்கள்.

வஜீஹா புத்தகத்தை மூடி, மறுபடி திறந்து பார்த்தாள். தன் கடைச் சுவரில் சாய்ந்திருந்தது இதுதான் என்று நம்பச் சற்று நேரம் பிடித்தது.

அடையாற்றில் ஆற்றையொட்டிய ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் பேராசிரியர் சூடாமணி இருந்தார். அவரிடம் பகுதிநேர ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தாள். சூடாமணி அவளைவிடப் பத்து வயதுதான் மூத்தவர். மயிலாப்பூர் மாட வீதியில் பிறந்து அங்கேயே இருப்பவர்.

"அணு கனத் தாளைக் கையாளற வசதியெல்லாம் நமக்கு இல்லை, வஜீஹா. ஆனா எலெக்ட்ரானும் அலைதான், சத்தமும் அலைதான். அணுவுக்குப் பதிலா துளை, எலெக்ட்ரானுக்குப் பதிலா சத்தம். சொல்லு, தகடு கெடைக்குமா?"

"எங்க வீட்டுக்குக் கீழ கடையே இருக்கு மேடம்."

"அப்போ இதை நீதான் பண்ணணும்னு எழுதியிருக்கு. போ."

இரண்டு அலுமினியத் தகடுகள். தேன்கூட்டு வரிசையில் துளைகள். துளைக்குத் துளை சத்தம் தாவிப் போக, ஒரு பக்கத்தில் மட்டும் கீறிய மெல்லிய வாய்க்கால்கள். வாய்க்கால் பக்கத்தை மூடியால் அடைத்து, வழவழப்பான பக்கங்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்படி அடுக்க வேண்டும். ஓரத்தில் ஒரு சிறு ஸ்பீக்கர் விசிலடிக்கும். மூடியில் குத்திய ஊசித் துளைகளில் மைக் ஒவ்வொன்றாக நுழைந்து கேட்கும். சரியான கோணத்தில் சத்தம் ஓடக் கூடாது. பூ இருக்கிற இடங்களில் நிற்க வேண்டும்.

கணினியில் நின்றது. அழகாக நின்றது. தகட்டில் நிற்கவில்லை.

வருஷங்கள் போயின. பஞ்சு ஒட்டிய சுவர்கள் கொண்ட அந்தச் சோதனை அறையில் வஜீஹா எந்தக் கோணத்தில் திருப்பினாலும், சத்தம் தகடு முழுக்கத் தண்ணீர் கொட்டியது போலப் பரவியது. கரீமுல்லா வெட்டித் தராத தகடில்லை. துளையைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, கனத்தைக் கூட்டிப் பார்த்தாயிற்று. இரண்டு தகட்டுக்கும் நடுவில் வாஷர் வைத்து இடைவெளி விட்டால், சத்தம் அந்தச் சந்து வழியாகப் பக்கவாட்டில் ஓடிப்போய்விடும். ஒட்டி வைத்தாலோ, மேல் துளையும் கீழ்த் துளையும் ஒரே காற்றாகி, இரண்டு தகடும் ஒரே தகடு போல நடந்துகொண்டன. கணினியில் 'இரண்டுக்கும் இடையே இவ்வளவு உறவு' என்று ஓர் எண்ணைப் போட்டால் முடிந்தது. அந்த எண்ணை உலோகத்தில் எங்கே போடுவது?

அவள் ஆய்வை வருஷாவருஷம் மதிப்பிடும் குழுவின் கடைசிக் கூட்டத்தில் கஸ்தூரிரங்கன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார். ஓய்வு பெற்ற ஒலியியல்காரர், வாயில் பொய் வராது.

"அம்மா, உங்க உழைப்பை நான் கொறை சொல்லலை. ஆனா பதிவு நீட்டிப்பு இதுக்கு மேல கெடையாது. அடுத்த தடவை தகட்டுல ஏதாவது காட்டணும். இல்லேன்னா இதை இத்தோட நிறுத்திக்கறதுதான் உங்களுக்கும் நல்லது."

வெளியே வந்து பஸ்ஸில் ஏறினாள். லஸ் முனையில் மெட்ரோ தோண்டுகிற இடத்தில் பஸ் நின்றுவிட்டது. தகரத் தடுப்புகளுக்குப் பின்னால் பூமியை எதுவோ இடித்துக்கொண்டிருந்தது, இருக்கைக் கம்பி உள்ளங்கைக்குள் அதிர்ந்தது. எல்லா இடத்துக்கும் போகிற சத்தம். ஓரிடத்தில் நிற்க மட்டும் மாட்டேன் என்கிற சத்தம். வஜீஹாவுக்கு அதன்மேல் கோபம் வந்தது, ஏதோ சொந்தக்காரர்மேல் வருவது போல.

அன்று இரவுச் சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னாள். கரீமுல்லா பரோட்டாவைப் பிய்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். மறுவாரம் அவர் கொண்டுவந்து கொடுத்த தகடு வேறு மாதிரி இருந்தது. வழவழப்பான பக்கத்தைக் கண்ணாடியாக மெருகேற்றியிருந்தார். அதன்மேல் ஒரு குமிழி இல்லாமல் பிலிம் ஒட்டியிருந்தது, அத்தனை துளைகளையும் மூடிக்கொண்டு.

"இது எதுக்குங்க? எனக்கு பிலிம் வேணாம்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"பெரிய மனுசங்க வந்து பார்க்கப் போறாங்க. சொரசொரன்னு ஒண்ணைக் கொண்டுபோய் வெப்பியா? அன்னிக்குக் காலையில நீயே உன் கையால உரி. அதுக்கு முன்னால உரிக்காத, கீறல் வுழும்."

"வீடு குடிபோறேனா நானு?"

"அத்த விடப் பெரிசு," என்றார் கரீமுல்லா, சிரிக்காமல்.

அவளுக்கு வாதாடத் தெம்பில்லை. அடையாற்றுக்குக் கொண்டுபோய், பிலிமோடேயே பழைய தகட்டின்மேல் பொருத்தினாள். அன்று அவளுக்குச் சோதிக்க வேண்டியிருந்தது புது மோட்டார் மைக்கைச் சரியாக நகர்த்துகிறதா என்பதை மட்டும்தான். கோணத்தைக் கணினி சொன்ன இடத்தில் வைத்தாள். விசிலை ஓடவிட்டாள். கேன்டீனுக்குப் போய் லெமன் சாதம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

திரையில் பூக்கள் இருந்தன.

முதலில் பழைய கணினிப் படத்தைத் திறந்து வைத்திருக்கிறோம் என்று நினைத்தாள். மூடினாள். மூடியும் போகவில்லை. தேதி இன்றைய தேதி. சிவப்பாக, உருண்டையாக, ஒன்றுக்கொன்று கை எட்டாத தூரத்தில் சத்தத்தின் பூக்கள். நடுவில் கருநீலம். அங்கே சத்தமே இல்லை.

மைக் கம்பியைச் சரிபார்த்தாள், திருகுகளை இறுக்கினாள். தகட்டை நகம் அளவுக்குத் திருப்பி மறுபடி ஓடவிட்டாள். சத்தம் பழையபடி எல்லாப் பக்கமும் கொட்டியது. பழைய இடத்துக்கே திருப்பினாள். பூக்கள் வந்து உட்கார்ந்தன. மறுபடி திருப்பினாள், போயின. திரும்பவும் கொண்டுவந்தாள், வந்தன.

அலமாரியில் தட்டு கழன்ற பழைய ஸ்டெதாஸ்கோப் ஒன்று கிடந்தது. அதன் குழாயை ஓர் ஊசித் துளையில் வைத்துக் கேட்டாள். காதுக்குள் விசில் நிரம்பியது. அரை விரல் தள்ளி வைத்தாள். ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் அவளை உலுக்கியது. கண்ணுக்குத் தெரியாத சுவரொன்று அரை விரல் தூரத்தில் எழுந்து நிற்கிறது, எவரும் கட்டாமல். இரண்டு தகட்டுக்கும் நடுவில் என்ன மாறியிருக்கிறது என்று யோசிக்கத் தொடங்கியவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

பிலிம்.

மேல் துளையின் காற்றும் கீழ்த் துளையின் காற்றும் இப்போது ஒன்றாகிவிடவில்லை. நடுவில் மெல்லிய தோல் நிற்கிறது. சத்தம் அதைத் தள்ளி, கொஞ்சம்போல அந்தப் பக்கம் போகிறது. முழுக்கப் போவதில்லை, முழுக்க நிற்பதுமில்லை. உலோகத்தில் எங்கே போடுவதென்று தெரியாமல் இருந்த எண், ரிமோட்டிலும் பிரிட்ஜிலும் வருஷக்கணக்காக அவள் கண்ணெதிரே ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது.

"சுப்ஹானல்லாஹ்," என்றாள், பஞ்சுச் சுவர்களுக்கு நடுவில். அந்த அறையில் எந்தச் சொல்லும் எதிரொலிக்காது. சொன்னது தனக்கே கேட்டதா என்று சந்தேகமாக இருந்தது.

சூடாமணி வந்தார். குழாயைக் காதில் வைத்துக்கொண்டு, துளை துளையாக நகர்த்திக் கேட்டார். பிறகு, "கார்த்தால எழுந்து வரச்சே இன்னிக்கு இப்படி ஒண்ணு கேப்போம்னு நெனைச்சேனா?" என்றார், தகட்டைப் பார்த்தே.

கூட்டத்துக்கு நாள் குறைவு. வஜீஹா அளந்தாள், வரைந்தாள், எழுதினாள். வீட்டில் மட்டும் சொல்லவில்லை. குழு ஒப்புக்கொள்ளட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்தாள். அங்கேதான் தப்பு நடந்தது.

கூட்டத்தன்று காலை, குழுவினருக்கு முதலில் தகடுகளைக் கையில் கொடுத்துக் காட்டலாம் என்று அடுக்கைப் பிரித்து, மேல் தகட்டைப் பிலிம் மேலே தெரியும்படி மேஜையில் வைத்தாள். சூடாமணியைக் கூப்பிட மாடிக்குப் போனாள். அதற்குள் கரீமுல்லா வந்துவிட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அத்தர் மணம். பிலிம் உரிக்கிறதைப் பார்க்க அழைப்பு எதற்கு? கடைக்காரனாக எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கிறார்.

வஜீஹா திரும்பி வந்தபோது அவர் மேஜைமேல் குனிந்து நின்றிருந்தார். ஒரு மூலையிலிருந்து பிலிம் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து, அவர் விரலிடுக்கில் சுருண்டிருந்தது.

"கைய எடுங்க!"

அவள் அப்படிக் கத்தி அவர் கேட்டதில்லை. விரல்கள் தானாக விரிந்தன.

"இல்ல வஜீ... நேரமாயிடுச்சே, மறந்துட்டியோன்னு... முனைய மட்டும் தூக்கி வெச்சா நீ ஈசியா இழுப்பேன்னு..."

"இந்த பிலிம்தாங்க எல்லாமே! அது இருந்தாத்தான் சத்தம் நிக்கும்!"

கரீமுல்லா தகட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகம் சட்டையைப் போல வெளுத்துவிட்டது.

"இன்னா சொல்ற? நீதானே வேணாம் வேணாம்னுகினு இருந்த? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவள் தகட்டை அவர் கைக்கெட்டாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வண்டி கீது, கடைக்குப் போய் ரோலை எடுத்தாந்துடறேன்."

"லஸ்ல தோண்டிக்கிட்டு இருக்காங்க. போய் வர்றதுக்குள்ள கூட்டமே முடிஞ்சிடும்."

உரிந்த துண்டைத் திரும்ப ஒட்டப் பார்த்தாள். சுருக்கம் சுருக்கமாக நின்றது, குமிழிகள். அப்படி ஒட்டுவதைவிட ஒட்டாததே மேல் என்று தோன்றியது. அந்தத் துண்டைக் கத்தரித்து எடுத்துவிட்டு, தகட்டைப் பொருத்தி, கோணத்தை வைத்தாள். ஒரு மூலை திறந்தால் எல்லாச் சத்தமும் அந்த வழியாக ஓடிவிடுமா? தெரியாது. இதைக் கணினியில்கூடப் போட்டுப் பார்த்ததில்லை. படிக்கட்டில் கஸ்தூரிரங்கனின் கைத்தடிச் சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது. கரீமுல்லா தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்.

குழுவினர் மூன்று பேர், சூடாமணியோடு சேர்த்து. மைக் துளை துளையாக நகர்ந்தது. திரையில் படம் வரி வரியாக நெய்துகொண்டு வந்தது. வஜீஹா கையைத் துப்பட்டாவுக்குள் இறுக்கிக்கொண்டாள். முதல் வரிகளில் குழப்பமான பச்சை. மூலை. சத்தம் கொட்டிக் கிடந்தது. அப்புறம் ஒரு சிவப்பு விளிம்பு எட்டிப் பார்த்தது. அது வளைந்தது, உருண்டது. ஒரு பூ. அதற்கடுத்து இன்னொன்று. மூலையைத் தவிரத் தகடு முழுவதும் பூத்துவிட்டது.

கஸ்தூரிரங்கன் கண்ணாடியைத் துடைத்தார்.

"சரி. சத்தம் நிக்கறது, பார்க்கறேன். ஆனா அறிக்கையில எழுதியிருக்கற மாதிரி அந்த பிலிம்தான் காரணம்னு எப்படிச் சொல்றேள்? மெருகு ஏத்தினதா இருக்கலாம், புதுசா வெட்டினதா இருக்கலாம். எல்லாமே ஒரே தகட்டுல மாறியிருக்கே."

சூடாமணி வஜீஹாவின் பக்கம் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் வஜீஹா தடுமாறியிருப்பாள்.

"சார், இந்த மூலையைப் பாருங்க," என்றாள். திரையில் விரலை வைத்தாள். "இதுவும் அதே தகடு. அதே மெருகு, அதே வெட்டு, அதே கோணம். இங்க மட்டும் பிலிம் இல்லை. காலையில உரிஞ்சுபோச்சு."

கஸ்தூரிரங்கன் திரைக்குப் பக்கத்தில் போனார். பிலிம் முடிந்த எல்லையைக் கத்தரி வெட்டிய கோடு அப்படியே காட்டியது. கோட்டுக்கு இந்தப் பக்கம் சிவந்த உருண்டைகள். அந்தப் பக்கம் பச்சைக் குழப்பம்.

"உரிஞ்சுபோச்சா? யார் உரிச்சா?"

"என் வீட்டுக்காரர் சார். எங்க கடை வழக்கம் அது. நான்தான் அவர்கிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அந்த நிலையத்தில் யாரும் பார்த்ததில்லை போலும். சூடாமணியே திரும்பிப் பார்த்தார். "சோதனையில பாதி வேலையை அவர் பண்ணியிருக்கார். எழுதிக்கோங்கோ, அடுத்த கட்டம் ஆய்வேடுதான். அந்தக் குழாயைக் குடுங்கோ இப்படி."

வஜீஹா வராந்தாவுக்கு வந்தாள். கரீமுல்லா பெஞ்சின் ஓரத்தில், ஆஸ்பத்திரியில் காத்திருப்பவர் மாதிரி இருந்தார்.

"கெடுத்துட்டேனா?"

"உள்ள வாங்க."

"நான் எதுக்கு? பெரியவங்க கீறாங்க..."

"வாங்கன்னா."

கஸ்தூரிரங்கன் எழுந்து இடம் விட்டார். வஜீஹா குழாயைக் கரீமுல்லாவின் காதில் மாட்டி, முனையைப் பூவின் நடுவில் வைத்தாள். அவர் புருவம் உயர்ந்தது. அரை விரல் நகர்த்தினாள். அவர் சட்டென்று நிமிர்ந்து ஸ்பீக்கரைப் பார்த்தார். விசில் நின்றுவிட்டதா? இல்லை, அது பாட்டுக்குக் கூவிக்கொண்டிருந்தது. திரும்பவும் பூவில் வைத்தாள். வந்தது. அவர் அவள் கையிலிருந்து குழாயை வாங்கிக்கொண்டார். தானே நகர்த்தினார், இருபது வருஷத்துக்கு மேலாகத் துளை வெட்டிய விரல்களால். போய்ப் போய்த் திரும்பி வந்தார்.

"இந்தப் பக்கம் ஓட்டைதான், அந்தப் பக்கமும் ஓட்டைதான். எது தடுக்குது வஜீ?"

"எதுவும் தடுக்கலைங்க. அதுவா நிக்குது."

"அல்லா," என்றார் மெதுவாக. கண்ணை மூடிக்கொண்டார். "அன்னிக்கு நீ டீ எடுத்தாந்தப்போ பார்த்தியே, அதுவா இது?"

அவருக்கு அது நினைவிருக்கும் என்று அவள் நினைக்கவேயில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்போ இந்த பிலிமை எப்போதான் உரிக்கிறது?"

"உரிக்கவே வேணாம்."

கரீமுல்லா மறுபடி குனிந்து கேட்கத் தொடங்கினார். எழுந்திருக்கிற மாதிரித் தெரியவில்லை. பின்னால் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்ற கஸ்தூரிரங்கன் கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்தார்.

"சார், சித்த நகருங்கோ," என்றார். "நான் இன்னும் ஒரு தடவை கேக்கணும்."